இடது பக்கத்தில் ஒரு பெயர்

19 ஜனவரி 2025, ஞாயிறு

சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். இந்த டெல்லிக் குளிரில் மெட்ரோவை விட்டு இறங்கவே மனம் வரவில்லை. அப்பளக் கடை வாசலில் ராமச்சந்திரன் சார் நின்றிருந்தார். எங்கள் துவாரகா ரசிகர் வட்டத்துக்கு அவர்தான் செயலாளர், பொருளாளர், எல்லாம். தினமும் விடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ‘இசையில் இன்று’ என்று ஒரு படம் போடுவார். இடது பக்கம் அந்தத் தேதியில் பிறந்த சங்கீதக்காரர்கள், வலது பக்கம் மறைந்தவர்கள். கர்நாடகம், ஹிந்துஸ்தானி, சினிமா எல்லாம் கலந்து கட்டி. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பார்க்காத நாளும் இல்லை.

மார்ச் 9 மட்டும் எனக்கு மனப்பாடம். இடது பக்கம் ஒரு வயலின் வித்வான், ஒரு ஹிந்திப் பாடகி. வலது பக்கம் ஒரு ஷெனாய்க்காரர், ஒரு வீணைக்காரர். என் வீட்டுக்காரர், இவரும் போனது மார்ச் 9தான். போன வருஷம் அந்த வலது பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்தேன், இவர் இல்லை.

இன்று கேட்டேவிட்டேன். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “குறிப்பிடத்தக்கவங்களைத்தாம்மா போடறோம். அதுக்கு ஒரு வரையறை வேண்டாமா?” என்றார். ரேடியோவில் ஏ கிரேடாவது இருக்க வேண்டுமாம். இவர் பி ஹை, அதற்கு ஒரு படி கீழே.

வெங்காயத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

22 ஜனவரி

யாருக்குக் குறிப்பிடத்தக்கவர்? அதை யார் முடிவு செய்வது?

பகலில் மினிஸ்ட்ரியில் கிளார்க், சாயங்காலம் மிருதங்கம். டெல்லியில் முப்பது வருஷம் இப்படி. எந்த வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றம் என்றாலும், மலை மந்திர் முருகன் கோவிலில் சஷ்டி என்றாலும் இவர்தான். நோட்டீஸில் பாடுகிறவர் பெயர் பெரிதாக இருக்கும், வயலின் கொஞ்சம் சிறிதாக இருக்கும். இவர் பெயரை அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் தேட வேண்டும். ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அந்தக் குறையையும் சேர்த்து நான்தான் படுகிறேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ராமச்சந்திரன் சாருக்குப் போன் செய்தேன். அவர் பெண் மாதுரியின் அரங்கேற்றத்தை ஞாபகப்படுத்தினேன். பல்லவியில் அந்தப் பெண் தாளத்தை விட்டுவிட்டு மேடையில் முழித்தது. யாருக்கும் தெரியாமல் இவர் வாசித்து வாசித்தே கையைப் பிடித்துக் கூட்டிவந்து எடுப்பில், பல்லவி தொடங்குகிற இடத்தில், சேர்த்தார். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாதுரிக்குத் தெரியும், சார் என்றேன்.

யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார். கேட்டது அதிகப்படிதான். கேட்டாயிற்று.

14 பிப்ரவரி

இன்று திதி. மாசித் தேய்பிறைத் துவிதியை இந்த வருஷம் இன்று விழுந்தது. கொழுந்தனார் சுரேஷ்குமார் ஃபரீதாபாத்திலிருந்து வந்து எள்ளும் தண்ணீரும் விட்டார். எங்களுக்குப் பெண் மட்டும்தானே. சாப்பிடும்போது தேதியைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, “திதிதான் அண்ணி கணக்கு. தேதியெல்லாம் வெள்ளைக்காரன் வச்சது” என்றார்.

அவருக்கு அப்படி. எனக்குத் திதி வருஷா வருஷம் இடம் மாறுகிறது. மார்ச் 9 நகராமல் அப்படியே நிற்கிறது.

கவிதா ஏர்போர்ட் ஷிப்ட் முடிந்து வந்து, இன்று காதலர் தினம் தெரியுமா மா என்றாள். தெரியும் என்றேன். வடையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

20 பிப்ரவரி

குழுவில் அறிவிப்பு: இனி ‘இசையில் இன்று’ பட்டியலில் டெல்லிக் கலைஞர்களும் இடம்பெறுவார்கள். ஒரு லிங்க் இருக்கிறது, அதில் விவரம் கொடுத்தால் அஷ்வத் படத்தில் சேர்ப்பான். அஷ்வத் குருகிராமில் ஃபைனான்ஸ் கம்பெனியில் இருப்பவன். போன வருஷம்தான் வட்டத்தில் சேர்ந்தான்.

ராமச்சந்திரன் சார் நல்ல மனுஷர். இதற்கு முன் அவரைப் பற்றி இதில் எழுதியிருப்பதையெல்லாம் அடிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

லிங்கைத் திறந்தேன். பெயர், வாத்தியம், தேதி, படம். கடைசியில் பிறப்பா மறைவா, ஒன்றைத் தொட வேண்டும்.

பெயருக்கே நேரமாயிற்று. கல்யாணமானதிலிருந்து இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. “இந்தாங்க” என்பேன். பிறரிடம் “கவிதா அப்பா.” பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேறு வழியில்லாமல் எழுதிக் கொடுத்ததுண்டு. ஜெகன் என்று எழுதிவிட்டு ஏதோ தப்பு செய்தவள் போலத் திரும்பிப் பார்த்தேன். மிருதங்கம். 9 மார்ச். வருஷம் போடவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். மறைவு என்பதன் மேல் விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கை போகவில்லை. இத்தனை வாரம் அதற்காகத்தானே சண்டை போட்டேன்? ராமச்சந்திரன் சாருக்குத் தெரியாதா, நிகம்போத் காட் சுடுகாடு வரை வந்தவர்தானே. அதைத் தொடாமலே அனுப்பிவிட்டேன்.

8 மார்ச்

நாளைக்கு வரும்.

9 மார்ச், ஞாயிறு

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். இவர் படம் இருந்தது. மலை மந்திர் பிராகாரத்தில் யாரோ எடுத்தது, சிரித்துக்கொண்டிருப்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன் — இடது பக்கம். வயலின் வித்வானுக்கும் ஹிந்திப் பாடகிக்கும் கீழே, பிறந்தவர்களோடு. அந்த இரண்டு பேருக்கும் வருஷம் போட்டிருக்கிறது. இவருக்கு வருஷம் இல்லை, தலைக்கு மேல் ஒரு கேக். நம் டெல்லிக் கலைஞர் என்பதால் தனி மரியாதை.

கவிதாவிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. “கேக் எதுக்கு மா?” என்றாள். பால் பொங்கி வழிந்தது.

அதற்குள் குழுவில் ஒரு அம்மாள் வாழ்த்துப் போட்டுவிட்டார். ஒருவர் போட்டால் போதாதா, பின்னாலேயே மந்தை. ‘நூறாண்டு வாழ்க ஜெகன் சார்.’ ‘உங்கள் கை இன்னும் பல்லாண்டு பேசட்டும்.’ பூங்கொத்து, பலூன், கும்பிடு. இவரைக் கிடத்தியிருந்தபோது வந்து தேம்பித் தேம்பி அழுத ரயில்வேக்காரர், அவரும் பூங்கொத்து. எல்லாவற்றுக்கும் மேலே சுரேஷ்குமார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் எள்ளும் தண்ணீரும் விட்ட விரல்.

ஏன்யா, கண்ணத் தொறந்து பாக்கவே மாட்டீங்களா? யாரு செத்தா யாரு இருக்கான்னுகூடவா தெரியாது? அஸ்தி கரைச்சிட்டு வந்து ரெண்டு வருஷமா ஒத்தையில உக்காந்திருக்கேன், நூறாண்டு வாழ்கவாம் —

அஷ்வத்துக்குப் போன் போட்டேன், நன்றாகக் கேட்டுவிடுவது என்று. அவன் பயந்துபோய், “ஆன்ட்டி, கடைசிக் கேள்வியை டச் பண்ணலைன்னா ஃபார்ம் அதைப் பர்த்டேன்னு எடுத்துக்கும். இயரும் இல்ல. சார் இருக்காருன்னு நெனச்சுட்டேன், வெரி சாரி” என்றான். ராமச்சந்திரன் சார் மாதுரியின் பிரசவத்துக்குப் பூனா போயிருக்கிறார், சரிபார்க்க ஆள் இல்லை. அஷ்வத்தும் ஒரு கல்யாணத்துக்காகக் கர்னால் போகிற வழியில் இருக்கிறான். லேப்டாப் வீட்டில், திரும்பி வந்து மாற்றிவிடுகிறேன் என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. தொடாமல் விட்டது யார்?

மத்தியானம் இஸ்மாயில் பாய் கூப்பிட்டார். தர்யாகஞ்சில் இருக்கும் தபலாக்காரர், இவரோடு ஜுகல்பந்தி வாசித்தவர். இடையில் மகனோடு துபாயில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார். யாரோ படத்தை அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, கேக் தெரியும். பாபிஜி, அவரிடம் போனைக் கொடுங்கள், ஒரு முபாரக் சொல்லிவிடுகிறேன் என்றார் ஹிந்தியில். அவர் இல்லை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார்.

சொன்னேன்.

“என் சுத்தி அவரிடம்தான் இருக்கிறது, பாபிஜி” என்றார். தபலாவுக்குச் சுருதி சேர்க்கிற சின்னச் சுத்தி. கைக்கு நன்றாக இருக்கிறது என்று இவர் பிடுங்கிக்கொண்டு வந்தாராம். கேட்டபோதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்றாராம். மிருதங்க உறையைப் பிரித்துப் பார்த்தேன், பக்கத்துப் பையில் இருந்தது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் பாய் என்றேன். இப்போது வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றார். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நானும்தான்.

சாயங்காலம் குழுவை மறுபடி திறந்தேன். வாழ்த்து நின்றபாடில்லை. கச்சேரிக்கு ஆட்டோ கிடைக்காமல் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததை ஒருவர் எழுதியிருந்தார். தன் பையனுக்குக் காசு வாங்காமல் பாடம் சொன்னதை இன்னொருவர். எனக்கே தெரியாத சங்கதிகள். இவர் போன அன்று இத்தனை பேர் இத்தனை பேசவில்லை. அன்று எல்லோரும் ‘ஓம் சாந்தி’ என்று போட்டுவிட்டு ஆபீஸ் போனார்கள்.

ஆத்திரம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஒன்று விடாமல் படித்தேன்.

10 மார்ச்

திருத்திய படம் வந்துவிட்டது. வலது பக்கம். ஷெனாய்க்காரர், வீணைக்காரர், அவர்களுக்குக் கீழே இவர். 2023 என்று போட்டிருக்கிறான். கேக்கை எடுத்துவிட்டு ஊதுபத்தி வைத்திருக்கிறான்.

நான் கேட்டது இதைத்தான். அப்பளக் கடை வாசலில் நின்று கேட்டது, போனில் மாதுரியைச் சொல்லிக் கேட்டது, எல்லாம் இதற்குத்தான்.

குழுவில் சட்டென்று பேச்சு நின்றது. பிறகு ஓம் சாந்தி. ஓம் சாந்தி. ஓம் சாந்தி.

மறுபடியும் இவரை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். யாரோ கதவைத் தட்டினார்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

14 மார்ச், ஹோலி

ராமச்சந்திரன் சார் பூனாவிலிருந்து மன்னிப்புக் கேட்டார். மாதுரிக்குப் பெண் குழந்தை. இனி மார்ச் 9 பட்டியலில் உங்காத்துக்காரர் நிரந்தரமா இருப்பார்மா என்றார். நன்றி சொன்னேன். எனக்கு அது பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கேட்டு வாங்கியவள் நானல்லவா.

கீழே பிள்ளைகள் கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இத்தனை நாள் எனக்குத் தோன்றாதது இன்று துணி காயப்போடும்போது தோன்றியது. இடது பக்கம் இருப்பவர்கள் எல்லாம் உயிரோடா இருக்கிறார்கள்? அந்த வயலின் வித்வான் செத்து எத்தனையோ காலமாகிறது. ஒருநாள் பிறந்தார், அதற்காக வருஷா வருஷம் போடுகிறார்கள். இவரும் ஒருநாள் பிறந்தவர்தானே.

அஷ்வத்தின் லிங்கைத் திறந்து எழுதினேன்: ஜெகன், மிருதங்கம், 23 ஆகஸ்ட் 1961. இந்தத் தடவை பிறப்பு என்பதைத் தொட்டேன். மார்ச் 9-லிருந்து எடுத்துவிடவா ஆன்ட்டி என்று கேட்டான். வேண்டாம், போனதும் நிஜம்தானே என்றேன்.

உடனே ராமச்சந்திரன் சார் போன். ரசிகர் வட்டத்தின் பழைய மலரில் ஜூன் 1 என்று இருக்கிறதே, ஆகஸ்டுக்கு என்ன ஆதாரம் என்றார். ஜூன் ஒன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டது சார், ஆவணி ஏழு பெற்றவள் சொன்னது என்றேன். உங்கள் பட்டியலில் ஜூன் ஒன்றை எடுத்துப் பாருங்கள், இடது பக்கம் அத்தனை வித்வான்களும் ஒரே நாளிலா வந்து பிறந்தார்கள் என்றும் கேட்டேன்.

சார் சிரித்தார். “நானும் ஜூன் ஒண்ணுதாம்மா” என்றார்.

23 ஆகஸ்ட், சனி

காலையில் படம் வந்தது. இடது பக்கம் மூன்று பேர், நடுவில் இவர். அதே சிரிப்பு. அஷ்வத் கேக் வைக்கவில்லை, ஒரு மிருதங்கம் வரைந்திருக்கிறான். இடது முகமான தொப்பியும் வலது முகமான வலந்தலையும் இடம் மாறியிருக்கிறது, போகட்டும்.

சேமியாப் பாயசம் செய்தேன். இஸ்மாயில் பாய் சாப்பிட வந்தார். சுத்தியை எடுத்துக் கொடுத்ததும், மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்கச் சொல்லி, விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டிப் பார்த்தார். தோல் தளர்ந்துவிட்டது. என்னவோ கொஞ்சம் சரி செய்தார். ஹாலில் அந்தச் சத்தம் கேட்டதும் கவிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுத்தியை இந்தத் தடவை எடுத்துக்கொண்டு போனார்.

குழுவில் வாழ்த்து வந்துகொண்டிருந்தது. கவிதா இங்கிலீஷில் ஹேப்பி பர்த்டே அப்பா என்று போட்டாள். நீயும் போடேன் மா என்றாள். அந்தக் குழுவில் நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை. ‘ஜெகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதினேன். கவிதா அப்பா என்று மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

செக்டர் பத்தில் புதிதாகக் குடிவந்திருக்கிற ஒருவர், போன வாரம்தான் குழுவில் சேர்ந்தவர், அதற்குக் கீழே, “சாருக்கு என்ன வயசாகுது?” என்று கேட்டிருந்தார். ராமச்சந்திரன் சார் டைப் செய்துகொண்டிருக்கிறார் என்று மேலே காட்டியது. விளக்கம் சொல்லப் போகிறார்.

நான் முந்திக்கொண்டேன். ‘அறுபத்து நாலு’ என்று போட்டேன்.

சார் டைப் செய்வதை நிறுத்திவிட்டார்.