சிவப்பு வாசலில் குவிந்த சப்பாத்துகள்

என் பாசமுள்ள அண்ணைக்கு,

வென்றுவிட்டோம்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நாலு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்தீர்களே, அந்த யப்பான் கார்ட்டூன் படம். போன சனிக்கிழமை லா சப்பலில், எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் போட்டுக் காட்டிவிட்டேன்.

"ஒருக்காலாவது பிள்ளையளுக்குக் காட்டிப்போடு, தங்கச்சி" என்று கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடி கேட்டீர்கள். ஓமென்று தலையாட்டிவிட்டு எத்தனை நாள் பயந்தேன் தெரியுமா? பள்ளித் தலைவர் தில்லையம்பலத்தார் உங்களுக்குச் சொன்ன பதிலைத்தான் எனக்கும் சொன்னார். "பேய்ப்படம் பிள்ளை அது. மரத்துக்குள்ளை பேய், கல்லுக்குள்ளை பேய். எங்கடை பிள்ளையளுக்கு உது என்னத்துக்கு?"

உங்களுடைய பொறுமை எனக்கு ஏது? "ஐயா, அது பேயில்லை, தெய்வம். ஊரிலை மரத்துக்குக் கீழை சூலத்தை நட்டு வைரவர் எண்டு கும்பிட்டனீங்கள்தானே? யப்பானிலை மரத்துக்குக் கயிறு கட்டிக் கும்பிடுகினம்!" என்று வெடித்தேன். என் வாய்க்குப் பயந்தாரோ என்னவோ, கடைசியில் இறங்கிவந்தார். "சரி, ஒரேயொரு தரம். ஒரு தாய்தகப்பன் எழும்பிப் போனாலும் இனி இந்தக் கதையே எடுக்கப்படாது."

உங்கள் அறைச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்து, யப்பான் கோயில்களின் முன்னால் நிற்கும் அந்தச் சிவப்பு வாசலை மண்டப வாசலில் மட்டைப்பெட்டியால் செய்தேன். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம். தடித்த கயிறு ஒன்றைக் கட்டி, வெள்ளைத் தாளைக் கோணல்மாணலாக மடித்துத் தொங்கவிட்டேன். இதற்கு அங்கால் தெய்வம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்பீர்களே. நான் சும்மா சோடினைக்குத்தான் செய்தேன்.

வெளியே மழை. நான் உள்ளே புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கடவுளே! வாசலில் சப்பாத்துக் குவியல். செவ்ரான் புறநகரிலிருந்து பிள்ளைகளோடு பவானியக்கா முதல் ஆளாக வந்திருக்கிறார். கயிற்றைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து மற்றவர். அந்த மாரிக்குளிரில் சனம் முழுக்கக் காலுறையோடு நின்றது.

"ஏனக்கா கழட்டினனீங்கள்?"

"சாமி இருக்கிற இடம் மாதிரிக் கிடந்துது, பிள்ளை. சப்பாத்தோடை எப்பிடி உள்ளை வாறது?"

அண்ணை, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நாலு வருடம் நீங்கள் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு மட்டைப்பெட்டி சொல்லிவிட்டதே!

தில்லையம்பலத்தார் பிந்தித்தான் வந்தார். கயிற்றைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனுசன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நாடாவை அவிழ்த்தார் பாருங்கள்! நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

படத்தில் அந்தக் கயிறு கட்டிய மரத்தை வெட்ட ஆட்கள் வந்தபோது பவானியக்கா, "எட, கேளாமல் கைவைக்காதையுங்கோடா!" என்று திரையைப் பார்த்து ஏசினார். அந்த நேரம் பார்த்து ஒரு தகப்பன் கதிரையை விட்டு எழும்பினார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவருடைய மகள் சட்டையைப் பிடித்து இழுத்து, பாதி பிரெஞ்சில் கெஞ்சினாள். "பப்பா, அத்தோன், பொறுங்கோ! சாமி இனித்தான் வரும்." மனுசன் இருந்துவிட்டார். ஒருவரும் போகவில்லை அண்ணை, ஒருவரும்!

"எங்கடை சாமியும் அவையின்ரை சாமியும் ஒண்டெண்டு நான் சொல்லேல்லை, சொந்தக்காரர் எண்டுதான் சொல்லுறன்" என்பீர்கள். அன்றைக்கு அது எனக்கு விளங்கியது. நீங்களும் எங்கேயாவது பின்வரிசையில் இருந்தீர்களா?

எல்லாரும் போனபின் வாசலைக் கழற்றக் கை வைத்தேன். தில்லையம்பலத்தார் தடுத்தார். ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில்.

"உன்ரை அண்ணன் சொன்னது சரிதான், பிள்ளை. அது கிடக்கட்டும், கழட்டாதை."

கழற்றமாட்டேன் அண்ணை. மட்டை உக்கினால் பலகையில் செய்வேன், பலகை உக்கினால் திரும்பவும் செய்வேன். எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் உள்ளே வாருங்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய,
உங்கள் வாயாடித் தங்கச்சி
சுகந்தி