இறங்குதளத்துக் களிமண்

செவ்வாய்க் கோள், வடசமவெளி முகாம்
மண் பொறியியல் பதிவு: எஸ். மங்கையர்க்கரசி

பகல் 212, காலை 7.40
உறைந்திருக்கும்போது கல்லாக நிற்கும் இந்தக் களிமண், இளகியதும் ஏன் இத்தனை முழுமையாக வலுவிழக்கிறது? எனக்குத் தெரியவில்லை. பூமியில் என்றால் உப்பு கரைந்துபோனது காரணம் என்பேன். இங்கே உப்பு அப்படியே இருக்கிறது.

குளிர்பெட்டி பழுது. அதிலிருந்த களிமண் மாதிரித் துண்டு இளகிவிட்டது. முகாமில் என்னைத் தவிர இருப்பவர் துளையிடும் யூஜின் மட்டும். மாதிரி இருந்த தட்டைத் தூக்கியவர் அழைத்தார்: “யக்கா, இங்க வாங்க. கூழு மாதிரி ஊத்துது. ஆறு மாசமா கல்லு கல்லுன்னு திட்டினேன்லா, கோவிச்சிக்கிட்டு போல.”

பகல் 212, 11.15
நிலம் இருக்கும் குளிரிலேயே மாதிரியைச் சோதிப்பது விதி. இத்தனை நாளும் அப்படியே செய்தோம். எல்லாவற்றிலும் காங்கிரீட்டுக்கு நிகரான வலிமை. சிறிய சரக்குக் கலங்கள் சிக்கலின்றி இறங்கின.

நாளை வருவது பெரிய கப்பல். நான்கு பேர். அதன் தழல் தரையை நீண்ட நேரம் சுடும். எவ்வளவு ஆழம் இளகும் என்று கணக்கிட்டேன். மறுபடி கணக்கிட்டேன். கப்பலைத் தாங்காது.

பகல் 212, 13.05
கப்பல் தலைவி தாட்சாயணிக்குச் சொன்னேன். பதில்:
“எரிபொருள் ஒரு தடவைக்குத்தான் மேடம் இருக்கு. திரும்பி மேல போக முடியாது, வேற இடமும் தேட முடியாது. எந்த மூலை கொஞ்சம் பரவாயில்லன்னு மட்டும் சொல்லுங்க.”
வடகிழக்கு என்றேன். அங்கே மணல் சற்று அதிகம். சற்றுதான்.

பகல் 212, 18.30
இருந்த எஃகுத் தகடுகளை வடகிழக்கு மூலையில் பரப்பினோம். போதாது. தலைக்கவசத்துக்குள் யூஜின் குரல்: “யக்கா, என் கட்டிலையும் கழட்டிப் போடட்டா?” சிரிக்கவில்லை, கழற்றிக்கொண்டு வந்தார். போட்டோம்.

பகல் 213
இறங்கியது. தகடுகள் தாங்கின. யூஜின் கத்தினார், நானும் கத்தினேன். என்ஜின் நின்று சிறிது நேரம் கழித்துத் தகடுகள் ஒன்றாகச் சேற்றுக்குள் போயின. கப்பல் சாயவில்லை. நேராகவே போயிற்று, கதவுக்கு மேல்வரை. வேறு கதவு அதற்கு இல்லை.

சூடு தணிந்ததும் களிமண் உறைந்துவிட்டது.

“கதவு அசைய மாட்டேங்குது மேடம். வெளியிலேர்ந்து தோண்டுறீங்களா?”

தோண்டுகிறோம் என்றேன். துளைக்கருவியின் கடைசி முனையும் உடைந்துவிட்டது. யூஜின் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறார். தூள்தான் தெறிக்கிறது.

உள்ளேயிருந்தும் தட்டுகிறார்கள்.