கயோட்டிக்கு எந்தத் தோட்டா?

வடக்குப் பண்ணை, மொன்டானா
ஏப்ரல் 11, 1983

அன்புள்ள தம்பி ஆன்செலுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் இதை உன் தபால் பெட்டியில் போடுகிறேன். அப்பாவின் நிலத்தைப் பிரித்ததும் நடுக்கேட்டுக்கு நீ முள்கம்பி சுற்றினாய், வருஷம் ஒன்றாகிறது. அந்தச் சண்டையை இப்போது எடுக்கவில்லை.

ஆடுகள் குட்டி போடும் நேரத்தில் ஒரு கயோட்டி ஓநாய் வந்து அடிக்கிறது. மூன்று போய்விட்டன. வீட்டில் அப்பாவின் 30-06 ரைஃபிளும், என் வீட்டுக்காரர் விட்டுப்போன 22-250 ரைஃபிளும் இருக்கின்றன. எதை எடுக்க, என்ன தோட்டா போட? கையால் தோட்டா அடைப்பதில் இந்த வட்டாரத்தில் உன்னை விட்டால் யார்?

பட்டன் சௌக்கியமா? புட்டிப்பால் கொடுத்து வளர்த்து உனக்குத் தந்த நாய்க்குட்டி. அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
தோரா


தெற்குப் பண்ணை
ஏப்ரல் 13

அக்காவுக்கு,

30-06-ஐத் தொடாதே. அது பெரிய மானுக்கு. குறி தவறினால் குண்டு மேட்டைத் தாண்டி என் சமையலறைக்கு வரும். உன் ஆசையே அதுதான் என்றால் சொல்லிவிடு.

22-250 எடு. மெல்லிய உறை போட்ட, ஐம்பத்தைந்து கிரெயின் எடையுள்ள குண்டு போதும். இருநூறு கஜம்வரை நேராகப் போகும், தூக்கிக் குறி பார்க்க வேண்டாம். தரையில் பட்டால் பொடியாகிவிடும், எகிறாது. அதைவிட இலேசான குண்டை நம் ஊர்க் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். தோலை விற்பதாக இருந்தால் மட்டும் வேறு குண்டு பார்க்க வேண்டும். ஒரு பெட்டி அடைத்துத் தருகிறேன்.

எங்கே கடித்திருக்கிறது? எந்தப் பக்கமிருந்து வருகிறது?

பட்டனுக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி கொட்டகையில் அடைத்துவிடுகிறேன்.

ஆன்செல்


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பி,

தோல் வேண்டாம்.

தொண்டையில் பல் படவே இல்லை. பின்னங்கால்களையும் விலாவையும் கிழித்துப் போட்டிருக்கிறது, ஒரு வாய்கூடத் தின்னவில்லை. நடுக்கேட்டின் கீழே மண்ணைப் பறித்துக்கொண்டு வருகிறது. நேற்று விடியலில் பார்த்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. கயோட்டி வாலைத் தொங்கப் போட்டுத்தான் ஓடும் என்று எனக்குக் காட்டியது நீதான்.

தீவனக் கடை ராய்ஸ் கேட்டான்: "என்ன தோராக்கா, கயோட்டின்னா தொண்டையை இல்ல பிடிக்கும்? யார் வீட்டு நாய்னு பாருங்க." நான், "கயோட்டிதான்டா, நீ மூட்டையை ஏத்து" என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்காகத்தான் சொன்னேன்.

தோரா


ஏப்ரல் 16

உன் மனசு புரிந்துவிட்டது. ஓடைப் பக்க நிலம் எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு என் நாயின் உயிரைக் கேட்கிறாய். தோட்டா கிடையாது. கடையில் வாங்கிக்கொள். அவன்மேல் கை வைத்தால் எனக்கு அக்காவே இல்லை.

ஆன்செல்


ஏப்ரல் 18

தம்பி,

கடையில்தான் வாங்கினேன். இன்று விடியலில் துப்பாக்கியின் தொலைநோக்கியில் அவன் முகம் நிறைந்து தெரிந்தது. நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு. விசையில் விரலை வைத்துவிட்டேன், அழுத்த முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது ஆட்டையும் கிழித்தான்.

ஆட்டு ரத்தம் கண்ட நாயை வளர்த்தவனே முடிக்க வேண்டும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அப்பா செய்த அன்று நாம் இருவரும் ஜன்னலில் நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறுவரை பொறுக்கிறேன். அதன்பிறகு நான்தான் சுட வேண்டும். குறி தப்பிவிடும். அவன் பாதி உயிரோடு கிடந்து துடிப்பானே என்றுதான் பயப்படுகிறேன்.

தோரா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கொட்டகைக்குப் போனேன். பின்பலகைக்குக் கீழே பள்ளம் பறித்திருந்தான், மேலே வைக்கோல் கிடந்ததால் என் கண்ணில் படவில்லை. வாயைப் பிளந்து பார்த்தேன். பல்லிடுக்கில் கம்பளி மயிர். வாலை ஆட்டிக்கொண்டே நின்றான்.

நேற்று மத்தியானம் நடுக்கேட்டுக்குக் கூட்டிப்போனேன். பன்றிக்கறி வறுவல் கொடுத்தேன். "பட்டன், உக்காருடா ராஜா" என்றேன். உட்கார்ந்தான். என்னை நம்பி உட்கார்ந்தான், அக்கா. அது எனக்குத் தாங்கவில்லை.

துடிக்கவில்லை. நீ அதை நினைத்து அழ வேண்டாம்.

உனக்கென்று அடைத்து வைத்திருந்த பெட்டியிலிருந்துதான் எடுத்தேன். மீதியை உன் தபால் பெட்டியில் வைத்திருக்கிறேன், ஒன்று குறையும். இனி வருவது கயோட்டியாகத்தான் இருக்கும்.

அவன் பிறந்தது உன் பக்கம் என்பதால் அங்கேயே புதைத்தேன். அதற்காகக் கேட்டில் சுற்றியிருந்த கம்பியைப் பிரித்தேன். திரும்பச் சுற்றவில்லை.

உன் தம்பி,
ஆன்செல்