ரோசா அக்காவின் முதுகுத் துண்டு

அன்புள்ள ரோசா அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கத்தரிக்கோலுக்கும் மேசை கதிரைக்கும்கூட உயிர் உண்டு என்று நம்பியவர் நீங்கள். அப்படியானால் இந்தக் கடிதத்துக்கும் ஒன்று இருக்கும். அது வந்து உங்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஆக்லாந்தின் மங்கரேயில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், நீங்கள் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். பனாமாப் பக்கத்துத் தீவொன்றில் பிறந்த, கூனா என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. உங்கள் சட்டைதான் கண்ணில் பட்டது. சிவப்புத் துணியை வெட்டி, கீழேயுள்ள கறுப்பும் மஞ்சளும் தெரியும்படி மடித்துத் தைத்த வளைந்த கோடுகள். இது எங்கள் கோலம் என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொந்தம் கொண்டாடினேன்.

நம்முடைய அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினீர்கள். இதன் பெயர் மோலா. இந்தக் கோடுகளெல்லாம் வழிகள். உடம்பைத் தேடி வரும் கெட்ட ஆவி இதற்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றிக் களைத்துத் திரும்பிவிடும். எங்கள் கோலம் லட்சுமியை வரவேற்கிறது, உங்களுடையது பேயை அலைக்கழிக்கிறது என்றேன். அன்று தொடங்கிய சிரிப்பு நம் இருவருக்கும் நிற்கவேயில்லை.

நோய் வந்த பிறகு, போகும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்தீர்கள். உடுத்திப் போகும் துணியின் உயிரும் கூடவே வரும், அந்தப் பயணத்தில்தான் காவல் தேவை என்றீர்கள். முன்துண்டு முடிந்தது. கை நடுங்கத் தொடங்கியதும் முதுகுத் துண்டை என்னிடம் தந்தீர்கள்.

நானும் முன்துண்டைப் பார்த்துப் பார்த்து, கோட்டுக்குக் கோடு பிசகாமல், கோலம் போடுகிறவளின் ஒழுங்கோடு தைத்தேன். பெருமை தாங்கவில்லை. கட்டிலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்.

"சரோ, இது ரெண்டும் அக்காவும் தங்கச்சியும் மாதிரி இருக்க வேணும். ஒரே ஆள் மாதிரி இருக்கக் கூடாது. முன்னால வழி படிச்ச ஆவி, பின்னாலயும் வந்திடும்."

மாற்றித் தருகிறேன் என்றேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அழுதேன் அக்கா. ஆனால் அழுகையைவிடப் பதற்றம்தான் கூட. முதுகு திறந்தபடியா உங்களை அனுப்புவது?

துணியை எடுத்துப்போக வந்த உங்கள் கணவர், இதுவே அழகாக இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

"விடும் சரோ, ஆர் பாக்கப் போயினம்?"

"பேய் பாக்கும்," என்றேன்.

அடக்கம் மறுநாள் பின்னேரம். காலையில் சமையலறை மேசையில் துணியை விரித்தேன். வெட்டிய வழியைத் துணி வைத்துத்தான் அடைக்க வேண்டும். அதே சிவப்பு என் கலியாணக் கூறைச் சட்டையில் மட்டும்தான் இருந்தது, பருத்தால் பிரித்துவிடலாம் என்று உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியில். நான் எப்போதோ அந்த அளவையும் தாண்டிவிட்டேன். கூசாமல் வெட்டினேன். ஒரு வழியை அடைத்து, பக்கத்தில் புதிதாக ஒன்றைத் திறந்தேன்.

உங்களுக்கு அதை உடுத்திவிட்டு, முதுகைத் தடவிப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மனம் நிறைந்துபோயிற்று. வழியில் யாரும் தொந்தரவு செய்தார்களா?

இங்கே உங்கள் தக்காளிக்கு உங்கள் கணவர் தண்ணீர் விடுகிறார், கொஞ்சம் அதிகமாகவே. தலைக்கு மேல் விமானம் போகும்போது நீங்கள் செய்தது போலவே நானும் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கும் ஒரு சட்டை தைக்கத் தொடங்கியிருக்கிறேன். எங்களை எரிப்பார்கள், துணியும் எரிந்துவிடும். அதன் உயிர் எரியாது என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் முதுகுத் துண்டை நினைவில் வைத்து, ஒரு வழியை மட்டும் மாற்றித்தான் என் முன்துண்டைத் தைக்கிறேன். வரும்போது நேரே உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பேன். கழுத்தைத் திருப்பி, உங்கள் முதுகையும் என் முன்துண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இந்த முறை ஒரே ஆள் மாதிரி இருக்காது.

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் தங்கச்சி,
சரோ
மங்கரே, ஆக்லாந்து, 1997