காயாத துணி

ஜனவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சுண்ணாம்பு மலை கண்ணிலேயே படவில்லை. என் சலவைக் கடையில் துணி உலர்த்தும் மெஷின் ஒன்றுகூடக் காலி இல்லை. கூடையோடு நின்ற ஓர் அக்கா: "நாலு நாளா மழை லா தம்பி, பிள்ளைங்க யூனிஃபார்ம் காயவே மாட்டேங்குது." ஈப்போவில் மழை பிடித்தால் டோபி கடைக்குத் தீபாவளி.

மாலை தங்கை தர்ஷினி வீடியோவில். ஸ்காட்லாந்தில் அப்போது காலை. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மறுபடி நின்றுவிட்டது. படுக்கும்போது அழுத்தம் காட்டும் முள் ஒன்றரையில். எழுந்தால் அரைக்கும் கீழே. அழுத்தம் இறங்கினால் எரியாதாம். குழந்தைக்கு இரண்டு மாதம்தான்.

"வீட்டு ஓனரு பாய்லர்ல தண்ணிய ஏத்திக்கிட்டே இருங்கன்றாரு அண்ணே. ரிப்பேர் ஆளு வர ரெண்டு வாரமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா டிக்கெட் போட்டுருவேன். குளிரு முடியற வரைக்கும் பிள்ளையோட அங்க வந்து இருக்கேன்."

"வா லா," என்றேன். கவலையாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

ஜனவரி 7, புதன்

செய்யவேண்டியவை: பின்னறை ஒட்டடை. கொசுவலை. குழந்தை மெத்தை. சொட்டுகிற பாத்ரூம் குழாய்.

அப்பா அம்மா போன பிறகு அந்த அறையைத் திறப்பதே இல்லை. ஜன்னலைத் தள்ளியதும் பின்னால் எஸ்டேட் காலத்து ரப்பர் மரங்கள், மழையில் கரைந்தமாதிரி. ஒரு குழந்தை அழுதால் இந்த வீடு எப்படி இருக்கும்?

மாலை தர்ஷினியின் கணவர் குமரன் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினார். பாய்லருக்கு அடியில் ஈரமில்லை. அழுத்தம் மிஞ்சினால் வெளிச்சுவர்க் குழாய் வழியாக வடியுமாம். அதுவும் காய்ந்துதான் இருக்கிறது. அப்புறம் ரேடியேட்டர்கள். நமக்கு ரேடியேட்டர் என்றால் வண்டியில் இருப்பது. அங்கே சுவரோடு சுவராக இரும்புப் பலகை, உள்ளே சுடுதண்ணீர் ஓடுகிறது. எங்கும் கசிவு இல்லை. மாடி அறையில் மட்டும் கீழே கொஞ்சம் ஈரம். மேலே வரிசையாகக் குழந்தைத் துணி.

"அது துணியில வடியற தண்ணி மச்சான்."

"வெயிலே இல்ல அண்ணே, வேற எங்க காயப் போடறது?" இது தர்ஷினி.

கண்ணை மூடினால் பனிக்குள் ஒரு வீடு. சுவருக்குள் தண்ணீர் நடக்கிற சத்தம்.

ஜனவரி 9, வெள்ளி

மெத்தை வாங்கியாச்சு. மஞ்சள் நிறம், யானைப் படம். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். "மருமகனுக்கு," என்றேன், அவர் கேட்காத மூன்று விஷயங்களையும் சேர்த்து.

வீடியோவில் மாடி அறை. ஓரத்தில் வாத்துப் படம் போட்ட துணி. புதனன்றும் அதே இடத்தில் கிடந்தது. மற்றதெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருக்க, இது மட்டும் நனைந்து தொங்குகிறது. நுனி, ரேடியேட்டருக்கு அடியிலுள்ள திருகைத் தொடுகிறது. நுனியில் பழுப்புக் கறை.

டோபி கடைக்காரனுக்குத் துருக்கறை தெரியாதா? துவைத்த தண்ணீருக்குத் துரு ஏது? திருகு கசிகிறது, கசிவதைத் துணி குடித்துவிடுகிறது. அதான் யாருக்கும் பிடிபடவில்லை.

"அப்ப டிக்கெட் பாக்கவா அண்ணே?"

"பாரு."

கறையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜனவரி 10, சனி

மதியம் மெஷின் சுற்றும் சத்தத்தில் கண் அசந்துவிட்டது. கனவில் விமானம். தர்ஷினி இறங்கி வருகிறாள். கைநிறைய ஈரத்துணி. பிள்ளை எங்கே என்று கேட்கிறேன், காதில் விழவில்லை அவளுக்கு.

போன் எழுப்பியது. "பிள்ளைக்குக் கை ரெண்டும் ஐஸா இருக்கு அண்ணே. வயித்தோட வச்சு அணைச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தாய்மாமனாம்! பிள்ளைக்குக் குளிரைத்தான் சீர் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அந்த வாத்துத் துணிய எடு. அடியில திருகு இருக்கு பாரு, தடவிப் பாரு."

மாடிப்படி ஏறும் சத்தம். பிறகு, "அண்ணே! சொட்டுது!"

குமரன் ஸ்பானரோடு ஓடி வந்தார். "மெதுவா மச்சான், முறிஞ்சிரப் போவுது," என்றேன். கால் சுற்றுகூட இறுக்கியிருக்க மாட்டார், சொட்டு நின்றுவிட்டது. துடைத்துவிட்டு டிஷ்யூ ஒன்றைச் சுற்றிவைத்தார். தண்ணீர் ஏற்றி முள்ளை ஒன்றரைக்குக் கொண்டுவந்தார்கள்.

"நீ இல்லன்னா என்ன செஞ்சிருப்போம்ணே," என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். கடையில் ஆளே இல்லை.

முள் அசையவில்லையாம். டிஷ்யூவும் ஈரமாகவில்லை. டிக்கெட் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து நானே சொல்லிவிட்டேன்: "அது கசியறத வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். சொல்லல."

மடித்துக்கொண்டிருந்த வாத்துத் துணியைக் கீழே வைத்தாள்.

"நாங்க வருவோம்னுதானே?"

"ம்."

திட்டுவாள் என்று இருந்தேன். போனைத் திருப்பினாள். பிள்ளை தூங்குகிறான். "வீடு சூடாயிருச்சுல்ல, இன்னிக்குத்தான் குல்லாவ கழட்டினேன். பாரு."

பிறந்ததிலிருந்து அவன் தலையை நான் பார்த்ததே இல்லை. கருகருவென்று முடி. அவள் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். உச்சியில் இரட்டைச் சுழி.

"உன்ன மாதிரியே லா அண்ணே."

என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.