ஜவ்வில் ஓட்டை இல்லை

வாழவந்தி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சிவசக்திக்கு,

நானும் அம்மாவும் கவிப்பிரியாவும் நலம். இனி நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நேற்று உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் பேச விடாமல் உன் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் மிளகுப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

முதலில் ஒரு தமாஷ். மெம்பிரேனில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று உன் புரொபசர் சொல்வதாகப் போன மாதம் அழுதாய் அல்லவா? என்ன ஆச்சு என்று அம்மா கேட்டார். மெம்பிரேனுக்குத் தமிழில் என்ன சொல்வதென்று யோசித்து, "ஜவ்வுல ஓட்டையாம்" என்றேன். அம்மா நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போய், மருமகளுக்குக் காது நன்றாகக் கேட்டால் வெள்ளியில் காது செய்து போடுவதாக வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு போனில் உன்னிடம் கத்திக் கத்திப் பேசியது இதற்காகத்தான்!

நேற்று அம்மாவை உட்காரவைத்து விளக்கினேன். சாண எரிவாயுவில் கலந்திருக்கும் கரியமில வாயுவைப் பிரிக்க நீ பிளாஸ்டிக்கில் சன்னமான தாள் செய்கிறாய் என்றேன். பிளாஸ்டிக்கை ஒரு திரவத்தில் கரைத்து, கண்ணாடி மேல் ஊற்றிக் காயவைக்க வேண்டும். நம் மலைப் பனியில் காயப்போட்ட ஜீன்ஸ் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பாக்கெட்டுக்குள் ஈரம் நிற்கும் இல்லையா, அப்படித் திரவம் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. அது பிளாஸ்டிக்கை இளக்கிவிட்டதால், நிறுத்த வேண்டிய வாயுவும் சேர்ந்து நுழைந்து போயிருக்கிறது. அதைத்தான் ஓட்டை என்று நினைத்துவிட்டார்கள். அதே தாளைச் சூடாக்கி, முழுக்க உலர்த்திப் பார்த்தபோது சரியாக இருந்தது. ஓட்டையாக இருந்தால் உலர்த்தினால் அடைபடுமா? நீ இதைச் சொன்னபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. "அப்ப காதுக்கு ஒண்ணுமில்லீல்ல கண்ணு? நொம்ப நல்லது. வேண்டுனது வேண்டுனதுதான், காதைப் போட்டுரோணும்" என்கிறார்.

காப்பி இந்த வருஷம் சுமார்தான். மழை பிந்திவிட்டது. பாப்பாவுக்கு முன் பல் ஒன்று ஆடுகிறது, யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள்.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கிறது. அன்றைக்கு ஓட்டை என்று மட்டும்தான் சொன்னாய். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்பதை நேற்றுதான், அதுவும் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாய். அந்த நாட்களில் உனக்கு எத்தனை கிலோ மிளகு வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீயும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாய்.

நீ வந்துவிட்டால் தேவலை என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நீ சேலம் ஜங்ஷனில் வந்து இறங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று நீ சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்புறம் சோறுதான் இறங்கவில்லை.

நன்றாக இரு, சக்தி. சேர்வராயன் உனக்குத் துணையிருப்பார். ஜெயித்ததைச் சொல்ல உனக்கு ஊரே இருக்கிறது. அழுகை வருகிற அன்றைக்கு மட்டும் எனக்குச் சொல்லிவிடு. எந்த நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
உன் போனுக்காக விழித்திருக்கும்
சந்திரசேகர்