உன் படத்தில் இருக்கும் என் கை

அக்கா,

இன்று காலையும் உன் படத்துக்குக் கதம்பம் போட்டேன். வழக்கம்போல அது என் விரல்மேல்தான் விழுந்தது. கூடம் முழுக்க மரிக்கொழுந்து வாசனை. நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். உயிரோடு இருக்கிறவள் கைக்கு மாலை போட்டுக் கும்பிடுகிற வீடு இந்தக் காஞ்சிபுரத்தில் நம் வீடு ஒன்றுதான் இருக்கும்.

உனக்கென்று தனிப்படம் ஒன்று இல்லாமல் போனதால் வந்த வினை. நீ போன அன்று, உன் மகளுக்கு மாகறல் கோயிலில் காது குத்தியபோது எடுத்த குடும்பப் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். உன் தோள்மேல் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை இருக்கிறதே, அது என்னுடையது. அந்தக் கைக்கு உடம்பு முழுப் படத்திலும் கிடையாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வாய்ப்பாடு மறந்துபோயிருக்கலாம். அந்தக் காலைப்பொழுது மறக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்து, "ஓரத்துல நிக்கிற அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். நான் காலை எடுத்து வைப்பதற்குள் நீ சொன்னாய்: "அவ அங்கயே இருக்கட்டும்பா. ஒட்டி நின்னா என் முந்தானை மடிப்பு கலைஞ்சிடும்." அரக்குச் சேலை, கரையில் பல் பல்லாகச் சரிகையில் தாழம்பூ ரேக்கு. படம் வந்தபோது ரேக்கு ஒன்றுவிடாமல் விழுந்திருந்தது. நான் முழங்கையோடு நின்றுவிட்டேன்.

அண்ணனைக் கட்டியவள் நீ, தம்பியைக் கட்டியவள் நான். அந்தப் படத்துக்கு அப்புறமும் ஒரே அடுப்பில்தான் சமைத்தோம். ஆனால் அது மாட்டியிருந்த, இப்போது நீ தொங்குகிற இந்தச் சுவரை மட்டும் நான் ஒருநாளும் ஒட்டடை அடித்ததில்லை. நீயும் ஏன் என்று கேட்டதில்லை.

கேட்காமலே தெரிந்துவைத்திருந்தாய் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றி உன் பேத்தி நித்யாவிடம் கொடுத்தாய். "இத்த வித்து கேமரா வாங்கு. வாங்கப் போறப்ப உன் சின்ன ஆயாவக் கூட்டிக்கினு போ. படத்துல யாரு வுட்டுப்போனாங்கன்னு அவ கண்ணுலதான் மொதல்ல படும்" என்றாய். இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா? விளக்கம் கேட்பதற்குள் நீ கண்ணை மூடித் தூங்குவதுபோல நடித்தாய். உனக்கு அது எப்போதும் கைவந்த கலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நித்யாவுக்குத் தை மாதம் ஒரு கல்யாணத்தை முழுசாகப் படமெடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இதுவரை வாடகைக் கேமராவில் யாருக்காவது உதவிக்குப் போய்க்கொண்டிருந்தவள், முதன்முதலாகத் தன் பொறுப்பில் எடுக்கப்போகிறாள். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்லி எடுக்க முடியாது. கேமரா தப்பாக அமைந்தால் மாற்றி வாங்க உன்னிடம் இன்னொரு வளையலும் இல்லை. பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று காந்தி ரோடு பக்கம் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. இரண்டுமே மிரர்லெஸ்ஸாம், பழையதில் இருந்ததுபோல உள்ளே கண்ணாடி கிடையாதாம். கண்ணாடியே இல்லாத பொருளை நீ வாங்க விட்டிருக்கமாட்டாய்.

"ரெண்டுக்கும் இன்னாப்பா வித்தியாசம்?" என்றேன்.

"சென்சார்தான் ஆயா. இதுல பெருசு, அதுல சின்னது."

"சென்சார்னா?"

"படம் வந்து உக்கார்ற எடம்."

"பந்திக்கு விரிக்கிற பாய் மாதிரி?"

"கரெக்டா சொன்னீங்க. பெருசுல நெறைய பேரு உக்காரலாம். அதே லென்ஸைச் சின்னதுல போட்டா, ஓரம் கொஞ்சம் கட் ஆவும்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "பெருசையே கட்டுப்பா. ஓரம் அறுக்கிற பொழப்பெல்லாம் எங்க வீட்ல ஒருதடவை ஆயிப்போச்சி."

"சின்ன ஆயா, இரு. எட்த்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள் நித்யா.

கடைக்கு வெளியே நிற்கவைத்தாள். கடைக்காரர் முன்னால், நான் பின்னால் ஓரமாக. எங்கே போனாலும் எனக்கு அந்த இடம்தான் பார். முதலில் பெரிய கேமரா. படத்தைப் பார்த்தேன். கடைக்காரர் மீசையில் ஒவ்வொரு முடியும் எண்ணலாம்போல இருந்தது. அவருக்குப் பின்னால் ஏதோ புகை.

"இன்னாடி இது, யாரோ தீ மூட்டிக்கினு இருக்காங்க?"

"அது நீதான், சின்ன ஆயா. பின்னால இருக்கிறது அப்டி மங்குனாத்தான் அழகு. அதுக்குத்தான் இத்தினி வெல."

"காசு குடுத்தா என்னை அழிக்கிறாங்க? உங்க ஆயா ஓசியிலயே அழிச்சாளே!"

கடைக்காரர் சிரித்ததில் மீசை ஆடியது. "லென்ஸுல வெளிச்சம் போற தொளையச் சுருக்குனா இதுலயும் எல்லாரும் தெளிவா வருவாங்க ஆயா. இருட்டு மண்டபத்துல இதான் ராஜா."

அடுத்தது சின்னது. அதே இடம், அதே லென்ஸ், தொளையை மட்டும் நித்யா சுருக்கிக்கொண்டாள். ஓரம் கட் ஆகும் என்று அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. கடைக்காரர் இருக்கிறார், எனக்குப் பதில் ஒரு முழங்கை. மாகறலேதான்.

"ரெண்டுமே உங்க ஆயா ஜாதகம்தான். வா, வூட்டுக்குப் போலாம்."

நித்யா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே இரண்டு அடி பின்னால் போய் இன்னொன்று எடுத்துக் காட்டினாள். நான் முழுசாக இருந்தேன். புகையும் இல்லை. மூக்குத்திகூடத் தெரிந்தது.

"அவ்ளோதானா? பின்னால போனாப் போதுமா?"

"அவ்ளோதான்."

"அப்போ அன்னிக்கி அந்த ஸ்டூடியோக்காரன் ஏன்டி போவல?"

கேட்டு வாயை மூடுவதற்குள் எனக்கே பதில் வந்துவிட்டது, அக்கா. அன்று அந்த ஸ்டூடியோக்காரர் முதுகுக்குப் பின்னால் சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் மனிதர் முருங்கைக்காயோடு வெந்திருப்பார். அண்டாவை நடுவழியில் இறக்கியதை நான் பார்த்தேன். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தேன். அதைப் படத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உடனே உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. அண்டாவை அங்கே இறக்கச் சொன்னது யார்? நீதான்.

நித்யா பெரியதை லென்ஸோடு மறுபடி தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கனம் தாங்காமல் மறுகையையும் அடியில் கொடுத்தாள். "முகூர்த்தத்துலேர்ந்து பந்தி முடியற வரைக்கும் இத்தத் தூக்கிக்கினு நிக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓரம் அறுந்தா பின்னால போய்க்கலாம்" என்றேன். "கை வலிச்சா எங்க போவ?"

சின்னதை வாங்கினாள். மிச்சப் பணத்தில் இருட்டுக்கென்று ஒரு லென்ஸும் கூட்டத்துக்கென்று ஒரு லென்ஸும் வந்தன. ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

இன்று காலை மாலை போட்டு முடித்ததும், "அங்கயே நில்லு சின்ன ஆயா" என்றாள். உன் படத்துக்குப் பக்கத்தில், அன்று நான் நின்ற அதே பக்கத்தில், சுவரோடு சுவராக நிறுத்தினாள். கையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் அண்டா எதுவும் இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன்.

படத்தைக் காட்டினாள். சட்டத்துக்கு வெளியே நான். என் தோளில் தொடங்கும் கை, சட்டத்துக்குள் போய் உன் தோளில் முடிகிறது. வளையல் மட்டும்தான் வேறு. நீ அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாய். முந்தானை மடிப்பு கலையவில்லை.

அந்தச் சுவருக்கு மதியம் ஒட்டடை அடித்தேன். அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே, தூசி அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். நாளையிலிருந்து கதம்பத்தைக் கொஞ்சம் தள்ளித்தான் போடப்போகிறேன். என் கையை மறைக்கிறது.